கைத்தொலைபேசிக்குள் சங்கம்: பாக்கு நீரிணையின் இரு கரைகளிலும்

2024 ஜூலை முதல் வாரத்தில் தென்மராட்சியில் நடந்ததை யாழ்ப்பாணத்தில் யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைக்குப் பதில் வைத்திய அத்தியட்சகராக வந்து சில வாரங்களே ஆகியிருந்த இராமநாதன் அர்ச்சுனா, அங்கே முறைகேடுகள் நடப்பதாக முகநூல் நேரலையில் பேசத் தொடங்கினார். அவரோடு முரண்பட்ட வைத்தியர்கள் பணிப் பகிஷ்கரிப்பில் இறங்கினர். ஜூலை 8ஆம் திகதி சாவகச்சேரியில் சனம் திரண்டது. திரண்டவர்கள் வைத்தியர்களுக்கு எதிராகவும் ஒரு வைத்தியருக்கு ஆதரவாகவும் கோஷமிட்டார்கள். பிறகு அவர் அங்கிருந்து அகற்றப்பட்டதும், ஓகஸ்டில் மன்னாரில் கைதானதும், நவம்பர் 14 பொதுத் தேர்தலில் சுயேச்சைக் குழுவில் நின்று யாழ். மாவட்ட நாடாளுமன்ற உறுப்பினரானதும் ஊரறிந்த கதை.

அவர் சொன்னவற்றில் எது நின்றது, எது விழுந்தது என்று தீர்ப்பது இந்தக் கட்டுரையின் வேலை இல்லை. அந்த வாரங்களில் சங்கம் எங்கே இருந்தது என்பதுதான் என் கேள்வி. அரச வைத்திய அதிகாரிகள் சங்கம் இந்த நாட்டின் பலம் வாய்ந்த தொழில்சார் சங்கங்களில் முன்வரிசையில் நிற்பது. கொழும்பில் ஒரு முடிவு எடுத்தால் பருத்தித்துறை முதல் தெவிநுவர வரை வெளிநோயாளர் பிரிவுகள் வெறிச்சோடும். அப்படிப்பட்ட சங்கம் ஒரு கைத்தொலைபேசிக்கு முன்னால் திணறியது. உறுப்பினரோடு பேசவும் அமைச்சோடு பேசவும் அதற்குத் தெரியும். வைத்தியசாலை வாசலில் துண்டோடு நிற்கும் நோயாளியோடு பேசிப் பழக்கமில்லை. ஊடக சந்திப்பு நடந்து, அது செய்தியாகி, மறுநாள் பத்திரிகையில் வருவதற்குள் நேரலையை ரொறன்ரோவும் லண்டனும் பார்த்து முடித்து அடுத்த நேரலைக்குக் காத்திருந்தன. சங்கத்தில் இருந்த இளம் வைத்தியர்களுக்கும் தங்கள் தரப்பைச் சொல்ல இடம் இருக்கவில்லை. கருத்துப் பெட்டிக்குள் போய்த் தனித்தனியாக அடி வாங்கினார்கள்.

சாவகச்சேரியில் சனம் திரண்டு ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து, 2024 ஓகஸ்ட் 9ஆம் திகதி, கொல்கத்தாவின் ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் ஒருவர் பாலியல் வன்முறைக்கு உள்ளாகிக் கொல்லப்பட்டார். அங்கே நடந்தது இதற்கு எதிர்மாறு. பயிற்சி மருத்துவர்களின் கூட்டமைப்புகள் முதலில் கைத்தொலைபேசியில்தான் ஒன்றுகூடின. நாடெங்கும் மருத்துவக் கல்லூரி விடுதிகளில் இருந்தவர்களுக்குச் செய்தி போய்ச் சேர ஓர் இரவு போதுமாக இருந்தது. 1928இல் தொடங்கிய இந்திய மருத்துவச் சங்கம், தன் இளையவர்களுக்குப் பின்னால் ஓடிவந்து, ஓகஸ்ட் 17 காலை 6 மணியில் இருந்து 24 மணி நேரத்துக்கு அவசர சிகிச்சை தவிர்ந்த சேவைகளை நிறுத்துவதாக அறிவித்தது. சங்கம் பிந்தித்தான் வந்தது, ஆனால் வந்தது. அதே இணையம் கொல்லப்பட்ட பெண்ணின் பெயரையும் படத்தையும் நாடு முழுக்கச் சுமந்து திரிந்தது. அவற்றை எல்லாத் தளங்களில் இருந்தும் நீக்கும்படி ஓகஸ்ட் 20ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியதாயிற்று. நீதி கேட்டுப் பகிர்ந்தவர்களில் மருத்துவர்களும் இருந்தார்கள் என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. நோயாளியின் பெயரை வெளியே சொல்லக்கூடாது என்று படித்தவர்கள் அவர்கள்.

தமிழ்நாட்டில் படம் மேலும் சிக்கலானது. இலங்கையில் அரச வைத்தியர்களுக்குப் பெரும்பாலும் ஒரே பெரிய சங்கம். தமிழ்நாட்டில் அரசு மருத்துவர்களுக்குப் பல. 2019 ஒக்ரோபர் 25இல் ஊதிய உயர்வு கேட்டுத் தொடங்கி நவம்பர் 1இல் முடிந்த வேலைநிறுத்தத்தை நடத்தியது அரசு டாக்டர்கள் சங்கங்களின் கூட்டமைப்பு. வேறொரு சங்கம் அதில் சேரவில்லை. அரசின் எச்சரிக்கை, அமைச்சரின் பேட்டி, ஒரு சங்கத்தின் அறிக்கை, அதை மறுக்கும் இன்னொரு சங்கத்தின் அறிக்கை எல்லாம் ஒரே திரையில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழும்போது, பணிக்குப் போவதா வேண்டாமா என்று ஓர் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் தீர்மானிக்க வேண்டும். அங்கே உறுப்பினரைச் சென்றடைவது பெரிய விடயமில்லை. சென்றடையும் பத்துச் செய்திகளில் தன்னுடையதுதான் உண்மையானது என்று நம்பவைப்பதுதான் சங்கத்துக்குப் பெரும்பாடு.

என் கணிப்பு இதுதான். ஒரு தொழிலில் எந்த இடம் காலியாகக் கிடக்கிறதோ அந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது சமூக ஊடகம். இலங்கையிலும் இந்தியாவிலும் காலியாகக் கிடக்கும் இடங்கள் வேறு வேறு. ஆகவே ஒரே வட்ஸ்அப், ஒரே முகநூல் இரு கரைகளிலும் ஒரே வேலையைச் செய்வதில்லை. இதை வைத்தியர்களை விட நன்றாகக் காட்டுபவர்கள் சட்டத்தரணிகள்.

யாழ். குடாநாட்டில் யாழ்ப்பாணம், மல்லாகம், சாவகச்சேரி, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை என்று ஐந்து இடங்களில் நீதிமன்றங்கள் இருக்கின்றன. ஒரே நாளில் இரண்டு மூன்று இடங்களில் வழக்கு வைத்திருக்கும் சட்டத்தரணிகள் ஏராளம். அப்படி ஒருவருக்குக் காலை எட்டு மணிக்குத் தெரியவேண்டிய தகவல் மிக எளியது: இன்று எந்த நீதிமன்றத்தில் நீதிபதி இருக்கிறார், எங்கே விடுமுறை, எங்கே வழக்குகளை அழைத்துத் தவணை மட்டும் கொடுக்கப் போகிறார்கள். இதைச் சொல்லவேண்டியது நீதிமன்றப் பதிவாளர் அலுவலகம். கொழும்பில் உயர் நீதிமன்றமும் மேன்முறையீட்டு நீதிமன்றமும் தீர்ப்புகளை இணையத்தில் இடுகின்றன. (தமிழ்நாட்டு வாசகருக்கு: இங்கே உயர் நீதிமன்றம் என்றால் நாட்டின் தலைமை நீதிமன்றம்.) மாவட்ட நீதிமன்றத்துக்கும் நீதவான் நீதிமன்றத்துக்கும் கட்சிக்காரர் கைத்தொலைபேசியில் திறந்து பார்க்கும்படி பெரிதாக ஒன்றும் இல்லை. அந்தக் குறையைச் சட்டத்தரணிகளின் வட்ஸ்அப் குழுக்கள் நிரப்புகின்றன. முதலில் நீதிமன்றத்துக்குப் போய்ச் சேர்ந்தவர் ஒரு வரி போடுவார். மற்றவர்கள் வண்டியைத் திருப்புவார்கள். குழுவில் மீதி இடத்தை மரண அறிவித்தல்களும் புதிதாகப் பதவியேற்ற நீதிபதிக்கான வரவேற்பு நிகழ்வும் ஒரு தீர்ப்பின் பிரதி கிடைக்குமா என்ற கேள்வியும் பிடித்துக்கொள்ளும்.

இது நல்ல வேலைதான். ஆனால் இதில் ஒரு ஓட்டை உண்டு. அந்த ஒரு வரி சட்டத்தரணிக்குப் போகிறது, கட்சிக்காரருக்குப் போவதில்லை. நெடுந்தீவில் இருந்து ஊர்காவற்றுறை நீதிமன்றத்துக்கு வருபவர் காலைப் படகில் குறிகட்டுவானுக்கு வந்து அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். நீதவான் விடுமுறை என்பதைச் சட்டத்தரணி வீட்டில் இருந்தபடியே அறியும்போது, கட்சிக்காரர் கடலில் இருப்பார். அதே நீதிமன்றத்தில்தான் எல்லை தாண்டிப் பிடிபடும் இந்திய மீனவர்கள் முன்னிலைப்படுத்தப்படுகிறார்கள். ஊர்காவற்றுறையில் ஒரு தவணை தள்ளிப்போனால் அந்தச் செய்திக்காக இராமேஸ்வரத்திலும் தங்கச்சிமடத்திலும் காத்திருக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. விசைப்படகுச் சங்கங்களின் குழுக்களுக்குள் அது போய்விடும். நெடுந்தீவுக்காரருக்கு வருமுன் இராமேஸ்வரத்துக்குப் போய்விடுகிற நாளும் உண்டு என்றே நினைக்கிறேன்.

இந்தியாவில் அந்த இடம் காலியாக இல்லை. 2007இல் தொடங்கிய மின்னணு நீதிமன்றத் திட்டம் இப்போது மூன்றாம் கட்டத்தில் இருக்கிறது. 2023 செப்ரெம்பரில் அதற்கு 7,210 கோடி ரூபாயை மத்திய அமைச்சரவை ஒதுக்கியது. ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்கத்தில் ஓர் அடையாள எண். திருவாடானையோ திருவாரூரோ, எந்தக் கீழமை நீதிமன்றமாக இருந்தாலும் அந்த எண்ணைச் செயலியில் போட்டால் அடுத்த வாய்தா எப்போது, கடந்த வாய்தாவில் என்ன நடந்தது என்பது வந்துவிடும். கட்சிக்காரரே பார்க்கலாம். வாய்தா தெரியாமல் வக்கீல் தடுமாறுவதைக் கட்சிக்காரர் திருத்துகிற காட்சியும் அங்கே சாதாரணம். அந்தச் செயலியில் பதிவுகள் பிந்துவதும் பிழையாக ஏறுவதும் உண்டு. குறை சொல்லாத வழக்கறிஞர் இல்லை. ஆனாலும் யார் எங்கே விடுமுறை என்று விசாரிக்கச் சங்கத்தின் குழுவை நம்பியிருக்க வேண்டிய நிலை பெரும்பாலும் இல்லை.

அப்படியானால் தமிழ்நாட்டு வழக்கறிஞர் குழுக்களில் என்ன ஓடுகிறது? தேர்தல். பார் கவுன்சில் தேர்தல், மாவட்டச் சங்கத் தேர்தல், அதற்கான வாழ்த்துப் படங்கள், வேட்பாளரின் பிறந்தநாள், எதிர் வேட்பாளரின் பழைய கதை. பிறகு அரசியல், சாதி, சினிமா. இவற்றுக்கு நடுவில், இரவு ஒன்பது மணிக்கு மேல், நாளை நீதிமன்றப் பணிகளில் இருந்து விலகியிருப்பது என்ற ஒரு தீர்மானம். இலங்கையில் குழு பதிவாளரின் வேலையைச் செய்கிறது என்றால், அங்கே அது பொதுக்கூட்டத்தின் வேலையைச் செய்கிறது. இரண்டில் இரண்டாவதே ஆபத்தானது என்பது என் எண்ணம்.

ஏன் ஆபத்து என்பதற்கு அங்கேயே மூன்று வழக்குகள் இருக்கின்றன. 2002 டிசெம்பரில் ஹரீஷ் உப்பல் வழக்கில், வழக்கறிஞர்களுக்கு வேலைநிறுத்தம் செய்யவோ நீதிமன்றப் புறக்கணிப்புக்கு அழைப்பு விடவோ உரிமை இல்லை என்று இந்திய உச்ச நீதிமன்றம் சொன்னது. மிக அரிதான நிலைமைகளுக்கு மட்டும் ஒரு சிறு வாசலைத் திறந்து வைத்தது. 2010 டிசெம்பரில் இன்னொரு தீர்ப்பு. கோயம்புத்தூர் வழக்கறிஞர் சங்கம், வழக்கறிஞர்களோடு மோதிய காவலர்களுக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று தீர்மானம் போட்டிருந்தது. குற்றம் சாட்டப்பட்டவருக்காக ஆஜராகக் கூடாது என்று எந்தச் சங்கம் தீர்மானம் போட்டாலும் அது செல்லாது, தொழில் அறத்துக்கே விரோதம் என்றது நீதிமன்றம். இந்த இரண்டு தீர்ப்புகளும் வட்ஸ்அப்புக்கு முந்திய காலத்துச் சங்கத்தைப் பற்றியவை. அன்று தீர்மானம் காகிதத்தில் இருந்தது. யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார், கோரம் இருந்ததா என்று கேட்க வழி இருந்தது. இன்று கட்டைவிரல் படங்கள் இருக்கின்றன. நூறு கட்டைவிரல் ஒரு தீர்மானமா? மீதி நானூறு பேர் மௌனமாக இருந்தது சம்மதமா, அல்லது அன்றிரவு அவர்கள் தொலைபேசியைப் பார்க்கவே இல்லையா?

மூன்றாவது வழக்கு நேரே குழுவையே பற்றியது. கரூரில் வழக்கறிஞர்களுக்கென்று ஒரு வட்ஸ்அப் குழு. அதில் ஓர் உறுப்பினர், இரு சமூகங்களுக்கு இடையே பகை மூட்டும்படியான பதிவைப் போட்டதாகப் புகார் போனது. காவல்துறை பதிவு போட்டவரோடு குழுவின் அட்மினாக இருந்த வழக்கறிஞரையும் சேர்த்துக்கொண்டது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 டிசெம்பரில் அதை விசாரித்தது. அட்மினாக இருந்ததைத் தவிர வேறு பங்கு அவருக்கு இல்லையென்றால் இறுதி அறிக்கையில் அவர் பெயரைச் சேர்க்கக் கூடாது என்று நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் உத்தரவிட்டார். அதே ஆண்டு பொம்பே உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு சொன்ன தர்க்கத்தை அவர் எடுத்துக்கொண்டிருந்தார்: ஆளைச் சேர்க்கவும் விலக்கவும் மட்டுமே அட்மினுக்கு முடியும், யாரோ போடும் பதிவை முன்கூட்டித் தடுக்க முடியாது.

தீர்ப்பு சரி. ஆனால் அது நின்ற தரை சில மாதங்களிலேயே கொஞ்சம் நகர்ந்துவிட்டது. 2022இன் பிற்பகுதியில், மற்றவர்களின் பதிவைக் குழுவில் இருந்து அழிக்கும் அதிகாரத்தை வட்ஸ்அப் அட்மினுக்குக் கொடுத்தது. அட்மின்கள் மட்டுமே பதிவிடலாம் என்று பூட்டும் வசதி 2018இலேயே வந்துவிட்டது. அழிக்க முடிந்தும் அழிக்காதவர் என்ற புதிய கேள்வியோடு ஒருவர் நாளை நீதிமன்றம் போகலாம். இலங்கையில் 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்த பிறகு இந்தக் கேள்வி இங்கே இன்னும் கூர்மையானது. பொய்யான கூற்று எது என்று தீர்மானிக்க ஓர் ஆணைக்குழுவையே நிறுவுகிற சட்டம் அது. சங்கச் செயலாளர் என்ற பதவியோடு அட்மின் பதவியும் தானாக ஒட்டிக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் உண்டு. செயலாளர் மாறிய பிறகும் பழையவர் அட்மினாகவே இருப்பதும் உண்டு. அந்தப் பதவிக்கு இப்போது சட்டச் சுமை ஒன்று இருக்கிறது என்பதைச் சங்க யாப்பில் ஒரு வரியாவது சொல்ல வேண்டும்.

எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிவு செய்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். ஒரு வட்ஸ்அப் குழுவில் கொள்ளக்கூடியவர்கள் 1,024. சென்னையில் எந்தப் பெரிய சங்கமும் ஒரு குழுவுக்குள் அடங்காது. அது பத்தாகும், பிறகு அணிக்கு ஒன்றாகும், பெண் வழக்கறிஞர்களுக்கு ஒன்று, இளையவர்களுக்கு ஒன்று என்று பிரியும். ஒரு குழுவில் வாயை மூடியவர் இன்னொன்றில் திறப்பார். குடாநாட்டின் சட்டத்தரணிகள் எல்லாரும் ஒரு குழுவுக்குள் தாராளமாக அடங்குவார்கள். பார்க்கப்போனால் அதுதான் சிக்கல். எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். சிரேஷ்டர் இருக்கிறார், அவரிடம் கனிஷ்டராக வேலை பழகியவர் இருக்கிறார், ஒரே வழக்கில் எதிரெதிராக நிற்பவர்கள் இருக்கிறார்கள், உறவுக்காரர் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் மூன்று ஆண்டுத் தொழில் அனுபவம் உள்ள ஒருவர் சங்கத்தின் முடிவு பிழை என்று எழுதுவாரா? எழுதமாட்டார். பொதுக்கூட்டத்தில் என்றால் பின்வரிசையில் இருந்து ஒரு முணுமுணுப்பாவது வரும். குழுவில் எழுதினால் பெயரோடும் நேரத்தோடும் நிற்கும், யாராவது திரைப்பிடிப்பு எடுத்து வெளியே அனுப்பிவிடுவார்கள். சென்னையில் குழுக்களின் நோய் இரைச்சல். யாழ்ப்பாணத்தில் அது அமைதி.

அந்த அமைதி சில நேரம் ஒற்றுமையாகவும் தோற்றம் தரும். 2023 செப்ரெம்பர் இறுதியில் முல்லைத்தீவு மாவட்ட நீதிபதி ரி. சரவணராஜா, உயிர் அச்சுறுத்தலையும் அழுத்தத்தையும் காரணம் காட்டிப் பதவி விலகினார். அவர் விசாரித்த, குருந்தூர்மலைக் கட்டுமானம் பற்றிய வழக்கின் பின்னணியில் அந்தச் செய்தி வெளியானதும், நீதிச்சேவை ஆணைக்குழுவுக்கு அவர் எழுதிய கடிதத்தின் படம் கைத்தொலைபேசிகளில் சுற்றியது. வடக்கின் சட்டத்தரணிகள் பணிப் பகிஷ்கரிப்பில் ஈடுபட்டார்கள். அது வேகமாக நடக்க வேண்டிய வேலை, வேகமாகவே நடந்தது. அந்த மாதிரி நாளுக்குக் குழு வேண்டும். ஆனால் எல்லா நாளும் அந்த மாதிரி நாள் இல்லை.

தொழில்காரர் தனியே பேசினால் என்ன, சங்கத்தின் வாயாகப் பேசினால் என்ன என்பதிலும் இரு நாடுகளுக்கும் ஒற்றுமை அதிகம். இலங்கையில் 2022 செப்ரெம்பரில் பொது நிர்வாக அமைச்சு ஒரு சுற்றுநிருபம் அனுப்பியது: அரச ஊழியர் சமூக ஊடகத்தில் கருத்து வெளியிடுவது தாபன விதிக்கோவைக்கு முரண், ஒழுக்காற்று நடவடிக்கைக்கு உரியது. ‘அறகலய’ மக்கள் போராட்டம் முடிந்த சூடு ஆறாத நேரம் அது. இந்தியாவில் தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஓகஸ்ட் 2இல் வெளியிட்ட நடத்தை விதிகளில் சமூக ஊடகத்துக்கென்றே தனிப் பகுதி இருந்தது. நோயாளியின் படங்களைப் போடக்கூடாது, விருப்பக்குறிகளையும் பின்தொடர்பவர்களையும் காசு கொடுத்து வாங்கக்கூடாது என்றெல்லாம் சொன்னது. பொதுப் பெயரில் மருந்து எழுதவேண்டும் என்ற வேறொரு விதிக்கு எதிராக மருத்துவர்கள் கொதித்தெழ, அதே மாதம் முழு விதித்தொகுப்பையுமே நிறுத்தி வைத்தார்கள். சமூக ஊடக விதிகளும் அதோடு சேர்ந்து பெட்டிக்குள் போயின. வழக்கறிஞர்களைப் பொறுத்தவரை விளம்பரத் தடை இரு கரையிலும் பழையது. இங்கே 1988ஆம் ஆண்டு நடத்தை விதிகள், அங்கே பார் கவுன்சிலின் 36ஆம் விதி. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், இணையத்தில் வக்கீல்களைப் பட்டியல் போட்டு விற்கும் தளங்களைக் கடுமையாகச் சாடி, அப்படி விளம்பரம் தேடுபவர்கள் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கச் சொன்னது. சங்கத்தின் முகநூல் பக்கத்தில் ஒரு சட்டத்தரணியின் வெற்றியைப் படத்தோடு கொண்டாடினால் அது வாழ்த்தா விளம்பரமா? இதற்கு இரு நாட்டுச் சங்கங்களும் இன்னும் பதில் வைத்திருப்பதாகத் தெரியவில்லை.

இனி, வலை அறுந்துபோகும் நாட்களைப் பற்றி. இதில் இரு நாட்டு அரசுகளின் கைப்பழக்கமும் வேறு. இலங்கை அரசு தளத்தை மூடும். 2018 மார்ச்சில் திகன வன்முறையின்போது முகநூல், வட்ஸ்அப், வைபர் எல்லாம் மூடப்பட்டன. 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புக்குப் பிறகு மறுபடி. 2022 ஏப்ரல் 3ஆம் திகதி, ஊரடங்கு நேரத்தில், சுமார் 15 மணி நேரம். ஆனால் இணையம் பெரும்பாலும் உயிரோடு இருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகூட விபிஎன் போட்டு உள்ளே போய்விடும். இந்திய அரசு இணையத்தையே வெட்டும், மாவட்டம் மாவட்டமாக. 2018 மே 22இல் தூத்துக்குடியில் ஆர்ப்பாட்டக்காரர்கள் மீதான பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் பலர் கொல்லப்பட்ட மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் இணையம் போனது. பிடித்துச் செல்லப்பட்டவர்கள் எந்த நிலையத்தில் இருக்கிறார்கள் என்று தேடிய வழக்கறிஞர்களுக்கு விபிஎன்னால் ஒரு பயனும் இல்லை. தொலைபேசி அழைப்பும் கால்நடையும்தான் மிச்சம்.

இதற்கு நேர் எதிரான இரவு ஒன்று கொழும்பில் இருக்கிறது. 2022 மார்ச் 31 இரவு மிரிஹானவில் ஜனாதிபதியின் வீட்டுக்கு முன்னால் ஆர்ப்பாட்டம் செய்தவர்களைப் பொலிஸ் பிடித்தது. செய்தி கைத்தொலைபேசிகளில் ஓட, மறுநாள் பிடிபட்டவர்களுக்காகக் காசு வாங்காமல் முன்னிலையாக நூற்றுக்கணக்கான சட்டத்தரணிகள் வந்து நின்றார்கள். இலங்கை சட்டத்தரணிகள் சங்கம் 1974இல் தொடங்கியது. தன் வரலாற்றில் அதற்கு இவ்வளவு பொதுமக்கள் மரியாதை கிடைத்த மாதங்கள் அதிகம் இல்லை. தளம் மூடப்பட்டது அதற்கு இரண்டு நாள் கழித்து. அந்த முதல் நாள் இரவிலேயே மூடியிருந்தால் எத்தனை பேர் வந்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கலாம்.

யாழ்ப்பாணத்துக்கு இதில் பாடம் புதிதில்லை. 90களின் முற்பகுதியில் மின்சாரமும் தொலைபேசியும் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் இருந்த இடம் இது. 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகுதான் கைத்தொலைபேசியே வந்தது. அந்தக் காலத்தில் இங்கே ஆசிரியர் சங்கமும் கூட்டுறவுச் சங்கமும் வாசிகசாலைக் குழுவும் இயங்கின. துவிச்சக்கர வண்டியும் அறிவித்தல் பலகையும் போதுமாக இருந்தன. இன்று பல சங்கங்களின் உறுப்பினர் பட்டியல் குழுவின் அங்கத்தவர் பட்டியலாக மட்டுமே இருக்கிறது. அட்மினின் தொலைபேசி கடலில் விழுந்தால் சங்கமும் விழும். ஒவ்வொரு நீதிமன்றத்துக்கும், ஒவ்வொரு வைத்தியசாலைக்கும், ஒவ்வொரு வலயத்துக்கும் ஒரு பொறுப்பாளர், அவரிடம் காகிதத்தில் இருபது பேரின் இலக்கம், குறுஞ்செய்தி அனுப்பும் ஒழுங்கு: இதைச் செய்ய ஒரு மாலைக் கூட்டம் போதும். குறுஞ்செய்தி பழையது, சொற்கள் குறைவு, படம் போகாது. ஆனால் 2018, 2019, 2022 மூன்று தடைகளிலும் இங்கே அது மூடப்படவில்லை.

இன்னொன்றையும் இந்தியாவிடம் கேட்டு வாங்க வேண்டியதில்லை, இங்கேயே இருக்கிறது. மொழி. கொழும்பில் இருந்து வரும் சங்க அறிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகின்றன, யாழ்ப்பாணக் கிளைகளும் அதையே அப்படியே முன்னனுப்புகின்றன. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர் தமிழில் மருத்துவம் கற்பித்து, தமிழில் மருத்துவ நூல்களை ஆக்கினார். ஊசி எதற்கு, காய்ச்சல் எதனால் என்று தமிழில் சொன்னால்தான் சனம் கேட்கும் என்பது அவருக்குப் புரிந்திருந்தது. 2024 ஜூலையில் சாவகச்சேரியில் நேரலையில் பேசியவர் யாழ்ப்பாணத் தமிழில் பேசினார், அதனால்தான் கேட்டார்கள். அடுத்த முறை ஒரு வைத்தியசாலையில் கதவு மூடும்போது, ஏன் மூடுகிறோம், எந்தப் பிரிவு திறந்திருக்கும், குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் எங்கே போகவேண்டும் என்று சங்கம் அன்று மாலையே மூன்று நிமிட ஒலிப்பதிவு ஒன்றைத் தமிழில் போடட்டும். உறுப்பினர்கள் அதைத் தங்கள் ஊர்க் குழுக்களுக்கு அனுப்புவார்கள். தாங்களாகக் கருத்துப் பெட்டிக்குள் போய் மல்லுக்கட்டத் தேவையிராது. இதைச் செய்யக் கொழும்பின் அனுமதி வேண்டும் என்று ஒரு சங்கக்காரர் சொல்லக்கூடும். அப்படியானால் முதலில் வாங்க வேண்டியது அந்த அனுமதியைத்தான்.